பரிமளாவின் 'ம்'

நோய் இரண்டாம் முறையாக ஊருக்குள் வந்த வைகாசியில், கல்யாணங்கள் எல்லாம் கலைந்து, மேடையில் தெர்மோகோலில் வெட்டி ஒட்டியிருந்த மாப்பிள்ளை பெண் பெயர்களில் பாதி எழுத்து உதிர்ந்து போயிருந்த மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், இலை போடுகிற நீள மேசைகளின் மேல் ஒன்பது தொலைபேசிகளை வைத்து, அவற்றின் பின்னால் ஒன்பது மனநல ஆலோசகர்களை அரசாங்கம் உட்கார்த்தி வைத்திருந்த நாட்களில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, ஏழாவது நாற்காலியில் இருந்த பரிமளா அக்கா முகம் கழுவிக்கொண்டு வரலாம் என்று எழுந்து போனாள், அவளுடைய 'ம்' மட்டும் எழுந்து போகாமல் நாற்காலியிலேயே இருந்துவிட்டது.

ரிசீவர் மேசையில் மல்லாந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து ஒரு மனிதர், ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஆம்புலன்ஸ் வரிசையில் பதினோராவது வண்டியில் தன் மனைவியோடு காத்திருந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "டோக்கன் குடுத்தாங்க" என்று நிறுத்தினார். காலி நாற்காலி 'ம்' என்றது. "எட்டாவது வண்டி உள்ள போனப்ப என் கையைப் பிடிச்சா." 'ம்.' "ஒம்பதாவது வண்டி போனப்ப விட்டுட்டா." 'ம்.' பக்கத்து நாற்காலி பெனடிக்ட் சார் தன் போனைக் கையால் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார், பதிவேட்டை மூடிவிட்டு நானும் பார்த்தேன். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. யாரும் இல்லை. ஒரு ஆள் உட்கார்ந்தால் வாய் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்திலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. ஆச்சரியப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும், எங்கள் யாரிடமும் அது மிச்சமில்லை. "லைன் கட்டாகலையே, அது வரைக்கும் நல்லது" என்று சொல்லிவிட்டு பெனடிக்ட் சார் தன் போனுக்குத் திரும்பினார்.

என் பெயர் ரெஹானா. வருகிற அழைப்புகளைப் பதிவு செய்கிறவள் நான். யார் என்று எழுதக் கூடாது. ஆணா பெண்ணா, வயது என்ன, என்ன குறை, என்ன செய்தோம், முடிந்ததா இல்லையா, அவ்வளவுதான். பதிவான குரல்களை சாயங்காலம் ஓடவிட்டுக் கேட்டு, பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் 'முடிந்தது' என்று போட வேண்டும். சுவரில் பதினான்கு விதிகள் ஒட்டியிருந்தார்கள். நான்காவது விதி, அழைத்தவர் இன்னார் என்று தெரிந்தாலும் எவரிடமும் வாய் திறக்கக் கூடாது என்பது. அந்த விதியை நான் கண்ணைப் போலக் காத்தேன். அதனால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன்.

'ம்' என்றால் என்ன என்று தெரியாதவர்கள் நம் ஊரில் இல்லை. கதை கேட்கிறவர் 'ம்' கொட்டாவிட்டால் கதை சொல்கிறவருக்கு நாக்கு எழாது. ஆலோசகர்களுக்கும் முதல் பாடம் அதுதான் என்று பரிமளா அக்கா சொல்லுவாள். குறுக்கே புத்தி சொல்லாதே, ஆறுதல் சொல்லாதே, முதலில் 'ம்' கொட்டு. "ஆனா அது பாதி வேலைதான் ரெஹானா. அடுத்த பாதி கேள்வி. கூட யார் இருக்காங்க, உடம்புக்கு என்ன பண்ணுது, இப்ப எங்க இருக்கீங்க. இந்த மூணையும் கேக்காம போனை வெச்சா நாம ஆலோசகர் இல்ல, கிணறு." ஒன்பது பேரும் 'ம்' கொட்டினாலும் அவளுடையது தனி. மற்றவர்களுடைய 'ம்' கடிகாரத்தைப் பார்க்கும். அவளுடையது தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு, ஞாயிறும் இல்லாமல், ஒரு வருஷத்துக்கும் மேலாக அப்படிக் கொட்டியிருந்தாள்.

முகம் கழுவித் திரும்பி வந்து உட்கார்ந்தபோது அது அவள் வாயருகிலேயே ஒலித்ததால் அக்கா எதையும் கவனிக்கவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், சோப்புப் போட்டுக் குளித்து, ஆறடி தள்ளி உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கே விஷயம் தெரிந்தது. அவள் மகள் சுடருக்கு ஒன்பது வயது. அப்பா ஓமனில் மாட்டிக்கொண்டிருந்தார். பகல் முழுக்க அந்தப் பெண் பூட்டிய வீட்டில் தனியாக இருந்து, போனில் பாடம் படித்து, மூடி வைத்ததை எடுத்துச் சாப்பிட்டு, சாயங்காலம் அம்மாவுக்குச் சொல்ல ஒரு கதை சேர்த்து வைத்திருக்கும். கதையின் நாயகர் டியூப்லைட் மாமா. சமையலறைக் குழல்விளக்கின் பின்னால் குடியிருந்த பல்லி அது. மாமா பள்ளிக்கூடம் போவார், தடுப்பூசி போட வரிசையில் நிற்பார், முகக்கவசம் சேராமல் வாலில் மாட்டிக்கொள்வார். மத்தியானம் சாப்பிடும்போது அக்கா எங்களுக்குச் சொல்லிச் சிரிக்கிற கதைகள் அவை.

"டியூப்லைட் மாமாவுக்கு இன்னிக்கு பரீட்சை" என்று சுடர் ஆரம்பித்து நிறுத்தியது. அக்கா வாயைத் திறந்தாள். வரவில்லை. "சொல்லு" என்றாள், அது வந்தது. "சரி" வந்தது, "அப்படியா" வந்தது, "ஐயையோ அப்புறம்" கூட வந்தது. 'ம்' வரவில்லை. உதட்டை மூடினால் மூக்கு வழியாகக் காற்றுதான் போயிற்று.

"ம் கொட்டும்மா."

"கேக்கறேன்டா, சொல்லு."

"நீ சொல்லு சொல்லுங்கற. சொல்லு சொல்லுன்னா பயமா இருக்கு. சரின்னா கதை முடிஞ்சு போவுது. ம் கொட்டு."

பத்து நிமிஷம் பார்த்துவிட்டு அந்தக் குழந்தை "மாமா பெயிலாயிட்டார்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டது.

மறுநாள் அக்கா சீக்கிரமாகவே வந்து ஏழாவது நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்து, தண்ணீர் குடித்து, கெஞ்சிப் பார்த்தாள். அது அவள் உட்கார்ந்த இடத்திலேயே, அவளுக்கு அரை அங்குலம் முன்னால், அவளோடு ஒட்டாமல் இருந்தது. போன் அடித்தது. எடுத்தாள். அவள் பேசுவதற்குள் அது முந்திக்கொண்டு 'ம்' என்றது.

இணை இயக்குநர் கனகசபை மூன்றாம் நாள் வந்து பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?" அப்புறம் தெளிப்பான் கொண்டுவந்து நாற்காலி முழுக்கக் கிருமிநாசினி அடித்தார்கள். மருந்து வாடைக்கு எங்களுக்கு இருமல் வந்தது, அது பாட்டுக்கு 'ம்' என்றது. இணை இயக்குநர் எதிரில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, சோதனைக்காகத் தன் பெயரையும் பதவியையும் சொன்னார். 'ம்.' மாவட்டத்தில் எத்தனை படுக்கை, எத்தனை சிலிண்டர் என்று சொன்னார். 'ம்.' பிறகு குரலைத் தாழ்த்தி எதையோ சொல்ல ஆரம்பித்து, முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. "வொண்டர்ஃபுல். இது லீவு கேக்குமா?" என்றார்.

அது லீவு கேட்கவில்லை. டீ கேட்கவில்லை. பாதுகாப்பு உடைக்குள் வேர்க்கிறது என்று சொல்லவில்லை, வீட்டில் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லவில்லை, கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் அழுதுவிட்டு வரவில்லை. ஏழாவது போனோடு எட்டாவதையும் சேர்த்துக் கட்டினார்கள், இரண்டிலும் பேசியது. ஒன்பதையும் கட்டினார்கள், ஒன்பதிலும் பேசியது. வருகைப் பதிவேட்டில் அதற்குத் தனி வரிசை திறக்கச் சொன்னார்கள், பெயர் என்று போட்ட இடத்தில் நான் 'ம்' என்று எழுதினேன். நாற்காலியின் முதுகில் ஆலோசகர் ஏழு என்பதைச் சுருக்கி 'ஆ–7' என்று ஒரு காகிதத்தை ஒட்டினார்கள்.

நாங்கள் நினைத்ததைவிட சீக்கிரமாக ஊரும் அதை ஏற்றுக்கொண்டது. கை தட்டச் சொன்னபோது கை தட்டி, விளக்கேற்றச் சொன்னபோது விளக்கேற்றி, கபசுரக் குடிநீரை மூன்று வேளையும் குடித்து, எதற்கும் அசராமல் போயிருந்த ஊர் அது. ஒரு நாற்காலி ஆறுதல் சொல்கிறது என்றால் சரி, அதையும் பார்ப்போம் என்றார்கள். மருந்துக்கடைக்காரர் பாக்கெட்டோடு சேர்த்து எங்கள் எண்ணை எழுதிக் கொடுத்தார். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னார்கள், மாதா கோயிலில் சொன்னார்கள். தோல் தொழிற்சாலையில் வேலை போனவர்கள் சாலையோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்து ஆளுக்குப் பத்து நிமிஷம் என்று ஒரே போனில் முறை வைத்துப் பேசினார்கள். யாராவது ஆலோசகர் தப்பித்தவறி எடுத்து "வணக்கம், நான்..." என்று ஆரம்பித்தால், "நீங்க வேணாம்மா, அந்த ம்-மைக் குடுங்க" என்றார்கள். "நீங்க மூச்சை இழு, விடுங்கறீங்க. என் பொண்டாட்டி அப்படித்தான் இழுத்து இழுத்துப் போனா. அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, அவங்களைக் குடுங்க." ஒரு பிரியாணிக் கடைக்காரர் வெள்ளிக்கிழமை தோறும் அதற்கென்று ஒரு பொட்டலம் அனுப்பினார். முதல் வாரம் அதை நாற்காலியின் முன்னால் வைத்தோம், அடுத்த வாரத்திலிருந்து நாங்களே தின்றோம். மண்டப வாசலில் யாரோ கற்பூரம் கொளுத்தினார்கள், பிறகு அது வழக்கமாகி, கூட்டம் சேருகிறது என்று போலீஸ் தடுப்பு வைத்தது.

ஆளில்லாமல் வேலை நடக்கிறது என்று தெரிந்தால் ஆள் எதற்கு? ஆனி பிறப்பதற்குள் ஒப்பந்த ஆலோசகர்கள் எட்டு பேருக்கு நன்றிக் கடிதம் வந்தது. பெனடிக்ட் சார் அதைப் படித்துவிட்டு, நான்காக மடித்து, ஆடுகிற மேசைக்கால் அடியில் முட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். நான்கு நாள் கழித்து ஐம்பத்திரண்டு வயது ஆண் ஒருவர் அழைத்து, பதினாறு மாதங்களில் எட்டாயிரம் பேர் சொன்னதைக் கேட்டிருக்கிறேன், எல்லாம் உள்ளேயே இருக்கிறது, சோற்றைப் பார்த்தால் அவர்கள் பேசுகிறார்கள் என்றார். 'ம்' என்றது அது. குரல் தெரிந்தது. நான்காவது விதியும் தெரிந்தது. 'ஆதரவு அளிக்கப்பட்டது, முடிந்தது' என்று எழுதினேன். மூன்று வாரம் போனால் பேருந்து நிலையத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார். நலமா சார் என்றேன். பெரிய கத்தியால் ஒரே வெட்டாக வெட்டி, "குடிம்மா, பேசாத" என்றார்.

பரிமளா அக்காவை மட்டும் அனுப்பவில்லை. அவள் போனால் அதுவும் கூடவே போய்விடுமோ என்று பயம். நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார வைத்தார்கள், தூசி தட்டுவதும் ஹெட்செட் வயரைச் சரி செய்வதும் வேலை. லீவுக்கு எழுதிப் போட்டாள். தாங்கள் விடுப்பில் செல்லலாம், ஆனால் ஆ–7 பொதுநலன் கருதிப் பணியில் தொடரும் என்று பதில் வந்தது. என்னுடையதை என்னிடம் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதிப் போட்டாள். அதற்குப் பதிலாக ஐம்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவம் வந்தது, ஊழியர் மனச்சோர்வுக் கணிப்பு. காலையில் எழ மனமில்லாமல் இருக்கிறதா, பிறர் துயரம் மரத்துப் போகிறதா, வீட்டாரிடம் பேச முடிகிறதா. ஐம்பதுக்கு நாற்பத்தாறு வாங்கினாள். படிவத்தின் அடியில், நாற்பதுக்கு மேல் பெற்றவர்கள் உடனடியாக மாவட்ட உதவி எண்ணை அழைக்கவும் என்று போட்டிருந்தது.

அழைத்தாள். முக்காலியில் உட்கார்ந்தபடியே தன் கைபேசியிலிருந்து அழைத்தாள், இரண்டடி தள்ளி மேசைப் போன் அடித்தது, நாற்காலி எடுத்தது.

"நான்தான்" என்றாள்.

'ம்.'

"எனக்கு உன்மேல கோவம் இல்ல. நீயும் பாவம். என் பொண்ணு என்கிட்ட பேசி இருவது நாள் ஆச்சு. பாட்டிலை எடு, ப்ரஷ்ஷைக் குடு, அவ்வளவுதான் பேச்சு. ராத்திரி நான் அவ பக்கத்துல உக்காந்து வாயைத் திறந்து திறந்து மூடறேன், மீன் மாதிரி. வீட்டுக்கு வந்துடு."

'ம்.'

"வரியா?"

'ம்.'

அந்த 'ம்' எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? கேட்ட எனக்கே எல்லாம் சரியாகிவிடும் போல இருந்தது. அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்து, கதவு வரைக்கும் போய், அது கூட வருகிறதா என்று திரும்பிப் பார்த்தாள். நாற்காலி அடுத்த போனை எடுத்திருந்தது.

அந்த வாரத்தில்தான் ஒன்பது வயதுப் பெண் ஒன்று அழைக்க ஆரம்பித்தது. தினமும் நாலு பத்துக்கு, போன் வகுப்பு முடிந்ததும். "என் பேர் சொல்ல மாட்டேன். அங்க யாரும் பேர் கேக்க மாட்டாங்கன்னு அம்மா சொல்லியிருக்காங்க" என்று முதல் நாள் சொன்னது. 'ம்.' "டியூப்லைட் மாமான்னு ஒருத்தர் இருக்கார்." 'ம்.' அதன் பிறகு அந்தக் குரல் ஓடிய ஓட்டம்! இருபது நாள் சேர்த்து வைத்த கதைகள் எல்லாம் மூச்சு விடாமல் வந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு நாள் இப்படிச் சொன்னது: "பூனை வந்துச்சு. மாமா வாலைக் கழட்டி விட்டுட்டு ஓடிட்டார். வால் தனியா ஆடிட்டே இருக்கு. அதுதான் மாமான்னு நெனச்சு எல்லாரும் வால்கிட்டயே பேசிட்டிருக்காங்க. மாமா இருட்டுல நின்னு பாத்துட்டிருக்கார்." 'ம்' என்றது வால்.

சுடர்தான் என்று எனக்கு முதல் வாக்கியத்திலேயே தெரியும். அந்த நேரம் அக்கா என்னிடமிருந்து நாலடி தள்ளி முக்காலியில் உட்கார்ந்து வயரைத் துடைத்துக்கொண்டிருப்பாள். பதிவு என் காதில் மட்டும் ஓடும். சொல்லியிருக்கலாம். விதி என்று இருந்தேன். விதி மட்டும் இல்லை, இன்னொன்றும் உண்டு: எங்கேயோ ஓரிடத்தில் அந்தக் குழந்தை பேசுகிறதே, போதும், இதில் நான் வேறு நுழைய வேண்டாம் என்று தோன்றியது. அதற்கு நல்ல பெயர் இங்கிதம். உண்மையான பெயர் அலுப்பு. நான் ஆலோசகர் இல்லை, எனக்கு எந்தப் படிவமும் வரவில்லை, ஆனால் தினம் இருநூறு பேர் அழுவதைக் கேட்டுக் கேட்டு என் காது காய்த்துப் போயிருந்தது. பதிவுகளை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பேன். வேகமாக ஓடவிட்டால் அழுகை எல்லாம் குருவிச் சத்தம் போலாகிவிடும்.

ஒரு வியாழக்கிழமை இருநூற்றுப் பதினான்கு பதிவுகள். ஐந்து மணி இருக்கும். "இன்னிக்குக் கதை இல்ல" என்றது குருவி. 'ம்.' "உடம்பு சுடுது. அம்மாகிட்ட சொல்லல. சொன்னா அம்மா உங்ககிட்ட வர முடியாது. அப்புறம் எல்லாரும் யார்கிட்ட பேசுவாங்க?" 'ம்.' "பாத்ரூம் போயிட்டு வந்தா மூச்சு வாங்குது." 'ம்.' "ஜன்னல்கிட்ட உக்காந்துக்கறேன்." 'ம்.' கூட யார் இருக்கிறார்கள் என்று அது கேட்கவில்லை. உடம்புக்கு என்ன செய்கிறது, எங்கே இருக்கிறாய் என்று கேட்கவில்லை. அது 'ம்' மட்டும்தான், பாதிதான். மீதிப் பாதி முக்காலியில் உட்கார்ந்து துணியைப் பிழிந்துகொண்டிருந்தது. நான் எழுதினேன்: பெண், வயது ஒன்பது, தொடர் அழைப்பு, ஆதரவு அளிக்கப்பட்டது, முடிந்தது. அடுத்த பதிவை ஓடவிட்டேன்.

வீட்டில் அரிசி களையும்போதுதான் உறைத்தது. ஈரக் கையோடு போனை எடுத்து அக்காவை அழைத்தேன்.

"ஆம்புலன்ஸ்ல இருக்கேன் ரெஹானா" என்றாள். "சுடருக்கு மூச்சு..."

"தெரியும்க்கா. நாலு மணிக்கே காய்ச்சல் அடிச்சுதுக்கா, பாத்ரூம் போனாலே மூச்சு வாங்குதாம், டாக்டர்கிட்ட சொல்லிடுங்க."

சைரன் சத்தத்துக்கு நடுவே, "உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

சொன்னேன்.

"எத்தனை நாளா?"

"ஒரு மாசமாக்கா."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் 'ம்' என்றாவது சொல்லியிருப்பார்கள். அவளிடம் அதுவும் இல்லை. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, குக்கரையும் களைந்த அரிசியையும் பார்த்தபடி நின்றேன். அரசாங்கம் ஆயிரம் விதி போடும், பக்கத்தில் உட்கார்ந்து ஒரே டப்பாவில் தயிர்சாதம் தின்றவளிடம் உன் பிள்ளை பேசுகிறது என்று சொல்வதற்கு எனக்கு எந்த விதி குறுக்கே நின்றது? நான் பாவிதான், வேறென்ன.

பதினோரு நாள் சுடர் ஆக்சிஜனில் இருந்தது. அம்மாவை உள்ளே விடவில்லை. ஒரு நர்ஸ் பெண் போனைத் தலைமாட்டில் வைத்துக் கொடுத்தாள். அக்கா ஆஸ்பத்திரி வாகன நிறுத்தத்தில் தன் ஸ்கூட்டரில் உட்கார்ந்து பேசுவாள். "சொல்லுடா கண்ணு." அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் வரும், 'மாமா' என்று ஒரு வார்த்தை வரும், நிற்கும், 'ம்'முக்காகக் காத்திருக்கும். "சொல்லு, அம்மா கேக்கறேன்." லைன் போய்விடும். அரை நிமிஷத்தில் எங்கள் கூடத்தில் போன் அடிக்கும். அப்புறம் அக்கா எனக்கு அழைப்பாள்.

"பேசறாளா?"

"பேசறாக்கா." நான்காவது விதியைக் கிழித்து நான் அன்றைக்கே குப்பையில் போட்டிருந்தேன். "மாமாவுக்கும் மூக்குல ட்யூப் வெச்சிருக்காங்களாம்."

"அது ம் கொட்டுதா?"

"கொட்டுதுக்கா. நல்லாக் கொட்டுது."

"கட் பண்ணிடாத. விடு, பேசட்டும்" என்பாள், வெயிலில் உட்கார்ந்துகொண்டு.

குழந்தை பிழைத்தது. ஊரே அந்த 'ம்'தான் காப்பாற்றியது என்றது. சுதந்திர தின விழாவில் முன்களப் பணியாளர்களுக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள், ஒன்றில் 'ம், ஆ–7' என்று அச்சிட்டிருந்தது. அதற்குக் கை இல்லாததால் அதன் சார்பாகப் பரிமளா மேடை ஏறி வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார்கள். வாங்கிக்கொண்டாள். போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னார்கள், முகக்கவசம் இருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பிறகு நோய் இறங்கியது, மண்டபத்தை உரியவரிடம் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. நல்ல முகூர்த்தங்கள் வருகின்றன, அவருக்கு அவசரம். அக்கா அன்று சுடரை மறுபரிசோதனைக்குக் கூட்டிப் போயிருந்தாள். நான்தான் பட்டியல் போட்டேன்: தொலைபேசி ஒன்பது, ஹெட்செட் ஒன்பது, முக்காலி ஒன்று. நாற்காலிகள் மண்டபத்துடையவை. 'நாற்காலி ஒன்பது, திருப்பிக் கொடுக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பந்தல்காரர்கள் ஒன்பதையும் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகித் தூக்கிக்கொண்டு போய், கிடங்கில் இருந்த மற்ற நாற்காலிகளோடு அடுக்கினார்கள். மொத்தம் முந்நூறு, எல்லாம் சிவப்பு, எல்லாம் ஒரே அச்சு. ஆ–7 என்று ஒட்டியிருந்த காகிதம் கிருமிநாசினி அடித்து அடித்து எப்போதோ ஊறி விழுந்திருந்தது.

சாயங்காலம் அக்கா வந்து காலிக் கூடத்தைப் பார்த்தாள். என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். "எத்தனை நாற்காலி?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றிலிருந்து அந்த மண்டபத்தில் நடக்கிற எந்தக் கல்யாணத்துக்கும் அவளை யாரும் அழைக்க வேண்டியதில்லை. ஒரே பட்டுப்புடவை, கையைப் பிடித்தபடி சுடர். கூட்டம் முழுக்கப் பந்திக்கு எழுந்து போய், முன்கூடம் காலியாக, நாகஸ்வரக்காரர்களும் சாப்பிடப் போகிற அந்த அரை மணி நேரம்தான் அவர்களுக்கு. சுடர் ஒரு நாற்காலி முன் நின்று "டியூப்லைட் மாமாவுக்கு" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கும். ஒன்றும் வராவிட்டால் நாற்காலிக் கால் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததற்கு நகரும். ஆனால் கல்யாணத்துக்குக் கல்யாணம் நாற்காலிகளைக் கழுவிவிடுகிறார்கள், கோடுகள் அழிந்துவிடுகின்றன. "நீங்க மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?" என்று யாராவது கேட்டால் அக்கா "பொண்ணு வீடு" என்பாள். ஊருக்கு இதுவும் பழகிவிட்டது. நாற்காலிக்காரம்மா வந்துட்டாங்களா, அவங்களுக்கும் இலை போடுங்க என்கிறார்கள். சிலர் தாங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலி எதற்கோ 'ம்' சொன்னதாகச் சத்தியம் செய்கிறார்கள். அந்தக் கல்யாண இரைச்சலில் அது சொல்லியிருந்தால்தான் யாருக்குக் கேட்டிருக்கும்?

நானும் போவேன். பக்கத்தில் போக மாட்டேன், நாலைந்து வரிசை தள்ளி உட்கார்ந்திருப்பேன்.

ஆவணி கடைசி முகூர்த்தத்தன்று நூற்று நாற்பது நாற்காலி ஆகியிருந்தது. சுடருக்குக் கால் வலித்தது, கொஞ்சம் நடந்தாலே இன்னும் இரைக்கிறது அதற்கு. ஒரு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டது.

"போதும்மா" என்றது. "நீ கதை சொல்லு. நான் ம் கொட்டறேன்."

அக்கா சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் பல்லை நான் பார்த்தேன். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "டியூப்லைட் மாமா இன்னிக்கு ஊருக்குக் கிளம்பினார்" என்றாள்.

'ம்.'

"ஒரு வண்டி பிடிச்சார். முன்னாடி பத்து வண்டி நிக்குது."

'ம்.'

"டோக்கன் குடுத்தாங்க. எட்டாவது வண்டி உள்ள போனப்ப, மாமி மாமா கையைப் பிடிச்சாங்க." அவள் குரல் மாறியது. அவள் கண் குழந்தையைப் பார்க்கவில்லை. "ஒம்பதாவது வண்டி போனப்ப விட்டுட்டாங்க. அந்த ஆள் ஏழு தடவை போன் பண்ணினான், ஏழு தடவையும் அந்தக் கையைப் பத்தியே..."

'ம்' என்றது சுடர்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். அது குழந்தையின் 'ம்' இல்லை. கடிகாரம் பார்க்காத, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிற அதே 'ம்', ஒன்பது வயது வாயிலிருந்து. அந்தப் பெண் முதுகை நேராக்கி, தலையை லேசாகச் சாய்த்து, அம்மாவை அப்படியே வாங்கிக்கொண்டிருந்தது. அக்கா இன்னும் நிறுத்தவில்லை. அடுத்த அழைப்புக்குப் போய்விட்டாள், அதற்கடுத்ததற்கும்.

இந்தத் தடவை நான் போனேன். "சுடர், பந்தியில ஜாங்கிரி போடறாங்க, ஓடு" என்று அதைக் கையைப் பிடித்து எழுப்பி அனுப்பினேன். அது தயங்கித் தயங்கி, அம்மாவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிற்று. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். குழந்தை உட்கார்ந்த சூடு இருந்தது.

"குழந்தைகிட்ட வேணாம்க்கா" என்றேன். "என்கிட்ட சொல்லுங்க. எல்லாத்தையும் சொல்லுங்க. நான் கேக்கறேன்."

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபமே இல்லை, இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீ எழுதிடுவியே ரெஹானா" என்றாள்.

எழுந்து, புடவையைச் சரி செய்துகொண்டு, சாக்பீஸை எடுத்துக்கொண்டு அடுத்த நாற்காலிக்குப் போனாள்.

அவள் சொன்னது சரிதான். இதோ, எழுதிவிட்டேன். பெண், வயது முப்பத்தேழு. ஆதரவு அளிக்கப்படவில்லை. கடைசிக் கட்டத்தை நிரப்பாமல் விட்டிருக்கிறேன்.